கீழாநெல்லி கேப்ஸ்யூலும் 92 சதவீதமும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. வாக்கிங் முடித்து பூங்கா வாசலில் தினமும் அருகம்புல் ஜூஸ் குடிக்கிறார், இப்போது கீழாநெல்லி எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல் வேறு வாங்கி வந்திருக்கிறார். டப்பாவில் '92 சதவீத ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்' என்று போட்டிருக்கிறது. கல்லீரலைக் காக்குமா சார்?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அந்த 92 சதவீதம் யாருடைய கல்லீரலிலும் அளந்ததாக இருக்காதும்மா. பெரும்பாலும் டி.பி.பி.எச். என்கிற சோதனையாக இருக்கும். ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைப்பார்கள், ஊதா வெளுத்து மஞ்சளாகும், எவ்வளவு வெளுத்ததோ அதுதான் சதவீதம். காபி டிகாக்‌ஷனை விட்டாலும் வெளுக்கும். குடல் அதில் எவ்வளவு உறிஞ்சும், ஈரல் அதை என்னவாக மாற்றும் என்பதெல்லாம் அங்கே கணக்கிலேயே வராது.

அடுத்தது எலி. கார்பன் டெட்ராகுளோரைடு என்கிற விஷ ரசாயனம் கொடுத்து எலியின் ஈரலைக் கெடுப்பார்கள். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்.ஜி.பி.டி. என்சைம், சாறு குடித்த எலிக்குக் குறைவாக ஏறினால் 'கல்லீரல் காப்பான்' என்று பேர் வந்துவிடும். பல சோதனைகளில் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு விஷத்தை அப்புறம்தான் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ கொழுப்பு ஏற்கெனவே படிந்தாயிற்று.

கீழாநெல்லியை மனிதர்களுக்கே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம்ம சென்னையில். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வைரஸ் உடம்பில் இருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது, டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய பரபரப்பு. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த மாதிரி பலன் கிடைக்கவில்லை. தவிர அது வைரஸ் கதை, ஃபேட்டி லிவருக்கு அதில் பதில் இல்லை.

'மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்றும் விட முடியாது. கொரோனா சமயத்தில் சீந்தில் கொடியை விடாமல் சாப்பிட்ட சிலர் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதை மும்பை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் கேப்ஸ்யூலை இப்போதைக்கு நிறுத்துங்கள், எல்.எஃப்.டி. என்கிற ஈரல் ரத்தப் பரிசோதனை எடுங்கள், டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், சுகர் மாத்திரை போடுகிறவர் என்றால் கண்டிப்பாக. ஃபேட்டி லிவரை நிஜமாகவே குறைப்பது எடைதான்: 80 கிலோ இருந்தால் ஆறு, எட்டு கிலோ இறங்க வேண்டும். வாக்கிங்கை விடாதீர்கள், குடிப்பழக்கம் இருந்தால் அது போக வேண்டும். அருகம்புல் ஜூஸா? புல்லை எந்தத் தண்ணீரில் அலசினார்கள் என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மஞ்சள் கேப்ஸ்யூலில் மிளகுச் சத்தும் சேர்க்கிறார்களே, எதற்கு?
- வாசகர், பெரம்பூர்

பதில்: மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் லேசில் சேராது, மிளகின் பைப்பரின் கூட இருந்தால் பல மடங்கு சேரும். 1998-ல் பெங்களூரில் கண்டது இது. சிக்கலும் அதிலேதான்: இப்படி ஏற்றிவிட்ட மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதித்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ரசத்தில் போடுகிற மஞ்சள், மிளகு அளவு வேறு, அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.