முதலில் சார்ஜ் பண்ண இடம், பிறகு கார்

கேள்வி: "அண்ணை, ஒஸ்லோ ஃபுருசெத்தில பொறெத்ஸ்லாக் (கூட்டுறவுக் குடியிருப்பு) வீடொண்டில வாடகைக்கு இருக்கிறம். விடிய 5 மணிக்கு வேலை, வேலையிடம் 20 கிலோமீற்றர் தள்ளி. அந்த நேரத்துக்கு பஸ் சரிவராது. பெற்றோல் லீற்றர் 20 குரோணருக்கு மேல நிக்குது. 40,000 குரோணருக்கு ஒரு பழைய டீசல் கார் வருது. எல்லாரும் மின்கார் எடு எண்டினம். எதை எடுக்கிறது? எண்ணெய் எடுக்கிற நாட்டில ஏன் இந்த விலை?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். நோர்வே எண்ணெயை விற்கிற நாடு, தன் சனத்துக்கு மலிவாகக் கொடுக்கிற நாடு அல்ல. பம்பில் நீங்கள் கட்டும் காசில் வீதிப் பாவனை வரி, கரியமில வரி இரண்டும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அதன் மேல் 25 வீத விற்பனை வரி. 2022 கோடையில் லீற்றர் 25 குரோணரையும் தாண்டியது. மறுபக்கம் மின்காருக்கு 2001இலிருந்து விற்பனை வரி விலக்கு வந்தது, அதோடு பஸ் ஓடுபாதையில் ஓட அனுமதி, வீதிச் சுங்கத்தில் கழிவு. வரியைப் பெற்றோலில் ஏற்றி மின்காரில் இறக்கியதன் பலன்தான் 2024இல் விற்ற புதுக்கார்களில் 10இல் கிட்டத்தட்ட 9 மின்கார். இந்தச் சலுகைகள் இப்போது ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒஸ்லோ சுங்கத்தில் 2019இலிருந்து மின்காரும் காசு கட்டுகிறது. 2023இல் 5 லட்சம் குரோணருக்கு மேற்பட்ட பகுதிக்கு விற்பனை வரி வந்தது. நீங்கள் பழைய கார்தான் எடுப்பீர்கள் என்பதால் அது உங்களை நேரே தொடாது.

உங்களுக்கு முக்கியமானது வேறு. மின்காரில் மிச்சம் வருவது காரால் அல்ல, சார்ஜ் பண்ணும் இடத்தால். கணக்கைப் பாருங்கள். இங்கே தூரத்தை 'மில்' என்பார்கள், 1 மில் 10 கிலோமீற்றர். உங்கள் வேலைக்குப் போய்வர 4 மில். வேறு ஓட்டமும் சேர்த்து வருடம் 1,000 மில் என்று வையுங்கள். டீசல் கார் மில்லுக்கு 0.55 லீற்றர் குடித்தால் 550 லீற்றர், லீற்றர் 20 குரோணர் என்றால் 11,000 குரோணர். மின்கார் கோடையில் மில்லுக்கு 2 யூனிற், குளிரில் 2.5 முதல் 3 வரை இழுக்கும், சராசரி 2.5. வீட்டில் மின்சாரமும் வலைக்கட்டணமும் (மின்கம்பி வலையமைப்புக்குக் கட்டும் காசு) சேர்ந்து யூனிற்றுக்கு ஏறக்குறைய 1 குரோணர் வந்தால் வருடத்துக்கு 2,500. அதே காரைத் தெருவோர விரைவுச் சார்ஜரில் 6 குரோணருக்கு நிரப்பினால் 15,000. டீசலை விடக் கூட! 'மின்கார் மலிவு' என்பவர்களில் அநேகமானோர் சொந்தத் தரிப்பிடத்தில் சார்ஜர் உள்ளவர்கள்.

ஆகவே முதல் வேலை வீட்டுக்காரரோடு கதைப்பது. பொறெத்ஸ்லாக்கில் பங்குக்காரருக்கு, அதாவது பங்கு வாங்கி வீட்டை வைத்திருப்பவருக்கு, தன் தரிப்பிடத்தில் சார்ஜர் போடும் உரிமை 2021இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் நிர்வாகசபை மறுக்க முடியாது. ஆனால் அந்த உரிமை பங்குக்காரருடையது, வாடகைக்கு இருப்பவருடையது அல்ல. விண்ணப்பத்தை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அநேகமான பெரிய பொறெத்ஸ்லாக்குகளில் தரிப்பிடத்துக்கு மின்கம்பி ஏற்கெனவே இழுத்திருக்கும், சார்ஜர் பெட்டியை மாத வாடகைக்கும் தருவார்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வீட்டோடு தரிப்பிடம் உண்டா, யூனிற்றுக்கு என்ன விலை போடுகிறார்கள், மாதாந்த நிலைக்கட்டணம் எவ்வளவு. நிலைக்கட்டணத்தைக் கேட்காமல் விட்டால் கணக்கு பிழைக்கும்.

சார்ஜர் கிடைக்காவிட்டால் சுவரிலுள்ள சாதாரண பிளக்கில் சொருகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிளக் 10 மணித்தியாலம் தொடர்ந்து 10 அம்பியர் இழுக்கச் செய்ததல்ல. சொருகுமிடம் சூடாகி உருகும், பழைய மரவீட்டில் அது தீயில் முடியும். நீட்டுக் கம்பி போடுவது அதை விட மோசம். மின்காருக்கென்று தனிச் சுற்றும் சுவர்ப்பெட்டியும் வேண்டும். அதைப் பதிவுபெற்ற மின்பணி நிறுவனம்தான் போடலாம். வேலை முடிந்ததும் 'சம்ஸ்வார்ஸ்எர்க்ளேறிங்' என்ற உறுதிப்பத்திரத்தை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், காப்புறுதி கேட்கும். இன்னொன்று: நோர்வேயின் பழைய கட்டடங்களில் 230 வோல்ற், நடுக்கம்பி இல்லாத ஐ.ற்றி. வலை. சில கார்கள் அந்த வலையில் அடம்பிடிக்கும், பழைய ரெனோ ஸோயி அதற்குப் பேர்போனது. வாங்க முதல் அந்தத் தரிப்பிடத்திலேயே ஒருதரம் சொருகிப் பாருங்கள்.

மின்சாரக் கட்டணத்தில் புதிதாக வந்தவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் சார்ஜர் வீட்டு மீற்றரில் ஓடினால் இது பொருந்தும். வலைக்கட்டணத்தில் 2022 யூலையிலிருந்து 'கொள்ளளவுப் பகுதி' என்று ஒன்று. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் நீங்கள் ஆகக்கூட இழுத்த மணித்தியாலங்களின் சராசரியை எடுத்து, அது எந்தப் படியில் விழுகிறதோ அதற்குக் காசு. பின்னேரம் 5 மணிக்குக் கறிச்சட்டி அடுப்பில், சுடுதண்ணித் தாங்கி 2 கிலோவோட், ஹீற்றர் 2 கிலோவோட், அதோடு கார் 7 கிலோவோட் என்று ஒன்றாக இழுத்தால் படி எகிறும். பரிகாரம் லேசு. காரை இரவு 10 மணிக்குப் பிறகு 16 அம்பியரில் போடுங்கள். அது 3.7 கிலோவோட், 8 மணித்தியாலத்தில் குளிர்காலத்திலும் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் ஓட்டம் ஏறும். உங்கள் 4 மில்லுக்குத் தாராளம். விடிய 4 மணிக்கு எழும்புகிறவருக்கு 6 மணித்தியாலமே போதும்.

2025 ஒக்டோபரிலிருந்து வீட்டுக்கு 'நோர்கெஸ்பிரிஸ்' என்ற அரசின் நிலைவிலையைத் தெரிவு செய்யலாம்: வரியோடு யூனிற் 50 ஓரெ (அரைக் குரோணர்), 2026 முடிவு வரை மாற முடியாது. தெரிவு செய்யாதவர்களுக்கு, சந்தை விலை குறித்த மட்டத்தைத் தாண்டினால் மேலதிகத்தில் 90 வீதத்தை அரசு கட்டும். அது வலைக்கட்டணப் பில்லில் தானாகக் கழியும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. குளிரில் மின்சாரத்தால் வீடு சூடாக்கி, காரும் வைத்திருப்பவர்களுக்குத் தெற்கு நோர்வேயில் நிலைவிலை நிம்மதி என்பது என் எண்ணம்.

இனிக் கார். விடிய அரைமணி ஓட்டம் நெடுஞ்சாலையில் என்றால் பழைய டீசல் தாங்கும். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு விட, கடைக்குப் போக என்று 2, 3 கிலோமீற்றர் துண்டு ஓட்டம் கூடினால் புகைக்குழாயிலுள்ள துகள் வடிகட்டி சூடேறாமல் அடைபடும். அதை மாற்றும் செலவு நீங்கள் கொடுத்த 40,000இல் பெரிய பங்கைத் தின்னும். சுங்கத்திலும் டீசலுக்கு விலை கூட.

பழைய மின்காரில் நிஸான் லீஃப் ஆக மலிவாகக் கிடைக்கும். அதன் விரைவுச் சார்ஜ் சொருகி 'சாடெமோ' வகை. புது நிலையங்களில் அது அருகி வருகிறது. பற்றரிக்குத் திரவக் குளிரூட்டலும் இல்லை. வீட்டில் மட்டும் சார்ஜ் பண்ணி நகரத்துக்குள் ஓடுபவருக்குப் பரவாயில்லை. 2017க்குப் பிந்திய ஃபொல்க்ஸ்வாகன் ஈ-கோல்ஃப், இப்போது பொதுவான சி.சி.எஸ். விரைவுச் சார்ஜ் சொருகியோடு வரும், குளிரில் 12 முதல் 15 மில் ஓடும். உங்களுக்கு அது பொருத்தம். எதை எடுத்தாலும் பற்றரி நலன் எத்தனை வீதம் என்ற பரிசோதனைத் தாள் கேளுங்கள். வழமையாகப் பற்றரி உத்தரவாதம் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர். இலக்கத்தகட்டைக் கொடுத்து அரசின் பிரொன்னொய்சுன் பதிவகத்தில் அந்தக் காரின் மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள், இலவசம். பார்க்காமல் வாங்கினால் முன்னைய சொந்தக்காரரின் கடனுக்கு வங்கி உங்கள் காரைத் தேடி வரும்.

குளிரில் ஓடுவதற்கு: காரைச் சொருகி வைத்தபடியே புறப்படும் நேரத்தைச் செயலியில் போட்டு, உள்ளே சூடாக்கிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சூட்டைப் பற்றரி கொடுக்கும். 3 கிலோமீற்றர் ஓட்டத்தில் மில்லுக்கு 4 யூனிற் போவது அதனால்தான். உறைந்த பற்றரியோடு விரைவுச் சார்ஜருக்குப் போனால் 50 கிலோவோட் வரவேண்டிய இடத்தில் 20தான் வரும். கொஞ்ச நேரம் ஓடிய பிறகு சொருகுங்கள். நடுக்குளிரில் கார் உயிர் வராமல் நின்றால் பெரிய பற்றரியைக் குறைசொல்ல முதல் 12 வோல்ற் சின்னப் பற்றரியைப் பாருங்கள். அநேகமாகச் சாவது அதுதான்.

வீட்டுக்காரர் மறுத்தால் வேலையிடத்தில் கேளுங்கள். களஞ்சியங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஊழியருக்குச் சார்ஜர் போட்டிருக்கலாம்; 8 மணித்தியாலம் கார் சும்மாதானே நிற்கும். ஒஸ்லோ நகரசபையின் மெதுச் சார்ஜர்களும் தெருவில் உண்டு, விரைவுச் சார்ஜரை விட மலிவு. அவற்றுக்குக் கம்பியை நீங்களே கொண்டுபோக வேண்டும். இந்த மூன்றும் சரிவராவிட்டால் இந்த வருடத்துக்கு மின்கார் வேண்டாம். டீசலையும் விட்டு, சின்னப் பெற்றோல் கார் ஒன்றை எடுத்து, பகலில் 2ஆம் இலக்க ட்டி-பானேயில் (சுரங்க ரயிலில்) போய்வாருங்கள். அடுத்த வீடு பார்க்கும்போது வாடகை ஒப்பந்தத்தில் 'சார்ஜ் வசதியுள்ள தரிப்பிடம்' என்று எழுதிக் கேளுங்கள்.