பெரியம்மாவின் வரவு நோட்டு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. எனக்கு ஓய்வூதியம் கிடையாது, ஆனால் என் வரிப்பணம் யாருடைய ஓய்வூதியத்துக்கோ போகிறது. உழைப்பவர்கள் குறைந்து முதியவர்கள் பெருகும் காலத்தில் இந்த ‘டெட் வெயிட்’டை, வெறும் பாரத்தை, அரசுகள் எத்தனை நாள் சுமக்கும்? அமெரிக்காவில் அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் ஐடா மே ஃபுல்லர் என்பவர் மொத்தமே 24.75 டாலர் கட்டிவிட்டு 22,000 டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறார். இது மோசடிச் சீட்டு இல்லையா? திட்டத்தை இழுத்து மூடிவிட்டு, ஆளுக்கொரு கணக்கு திறந்து அவரவர் சேமிக்கட்டும் என்று விட்டால் செலவு மிச்சம்தானே? ஓய்வு வயதை உயர்த்துவது சரியா என்றும் சொல்லுங்கள். ஜெர்மனியில் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்த பிஸ்மார்க் 65 என்று வைத்தபோது அந்த வயதை யாருமே எட்டவில்லையாமே?

முகுந்தன்

அன்புள்ள முகுந்தன்,

உங்கள் கடிதம் வந்த அன்று என் பெரியம்மாவின் தகரப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இதற்கு இத்தனை சீக்கிரம் பதில் வந்திருக்காது.

பிஸ்மார்க் கதையை முதலில் தூக்கிப் போடுங்கள். 1889 சட்டத்தில் இருந்த வயது 70. அது 65 ஆனது 1916இல். பிஸ்மார்க் 1898லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சராசரி ஆயுள் அன்று குறைவாக இருந்ததற்குப் பெரிய காரணம் குழந்தைச் சாவு. பிழைத்துக் கிழவரானவர்கள் அன்றும் இருந்தார்கள்.

அடுத்தது அந்த ஆங்கிலச் சொல். தம்பி, நீங்கள் நடை பழகும்போது விரலைக் கொடுத்த ஒரு கை இருந்திருக்குமே, அதற்கு இன்று என்ன வயது? அந்தக் கையைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்வீர்களா? அட்டவணையில் பார்க்கும்போது மட்டும் எப்படிச் சரளமாக வருகிறது?

கோபம் போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பணத்தைச் சேர்த்து வைத்தால் முதுமையைச் சேர்த்து வைத்ததாகிவிடும் என்று. தனி ஆளுக்கு அது சரி. ஒரு சமூகத்துக்குச் சரியில்லை. நீங்கள் 70 வயதில் விழுங்கப்போகும் மாத்திரையை இன்றைக்கே செய்து அடுக்கிவைக்க முடியாது. உங்களைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கப்போகும் செவிலி இன்னும் பிறக்கக்கூட இல்லை. அந்த ஆண்டின் முதியவர்கள் அந்த ஆண்டின் உழைப்பாளிகள் உண்டாக்குவதில்தான் பங்கு கேட்பார்கள். வரி வழியாகக் கேட்டால் அதற்கு ‘அரசுச் செலவு’ என்று பெயர். சேர்த்துவைத்த பங்குகளை விற்றுக் கேட்டால் ‘என் சொந்தச் சேமிப்பு’. வாங்குகிறவர்கள் குறைந்த காலத்தில் எல்லோரும் ஒன்றாக விற்க வந்தால் அந்தப் பங்குக்கு என்ன விலை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேமிப்பு நல்ல தொழிலில் முதலீடாகி விளைச்சலைப் பெருக்கினால் எல்லோருக்கும் பங்கு கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் பெயரை மாற்றியதாலேயே ஒரு படி நெல்கூட அதிகமாக விளையாது.

மூடினால் மிச்சம் என்கிறீர்கள். சிலி நாடு 1981இல் அதைத்தான் செய்தது. வேலையில் இருப்பவர்களின் சந்தா தனியார் கணக்குகளுக்குத் திரும்பியது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு யார் கொடுப்பது? அரசுதான். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் அந்தப் பள்ளத்தைப் பொதுப்பணத்தால்தான் தூர்த்தார்கள். கணக்கில் போதிய காசு சேராத முதியவர்களுக்காக 2008இல் வரிப்பணத்திலிருந்தே மறுபடி ஓர் ஓய்வூதியம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதில் ஒரு கூத்து உண்டு. சட்டம் போட்டது ராணுவ ஆட்சி. ராணுவத்துக்கு மட்டும் பழைய முறையே போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வாக்குறுதிக்கு எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவரின் மகள் ஐரீன் டிரிப்லெட். தந்தைக்கு 80 வயது தாண்டியபின் பிறந்தவர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். அந்தப் போருக்கான ஓய்வூதியம், மாதம் 73.13 டாலர், 2020இல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போடுகிற அரசுக்குச் செலவு தெரியாது, கைதட்டல்தான் கேட்கும். பில் வருவது அடுத்தடுத்த ஆட்சிகளுக்கு. உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள், நானும் கூட வருகிறேன். இத்தனை பேருக்கு இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுக்கும் அன்றே பேரேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஃபுல்லர் அம்மையார் 1940இல் 22.54 டாலர் முதல் காசோலை வாங்கினார். இரண்டாவதிலேயே கட்டியது எல்லாம் திரும்பிவிட்டது. 100 வயது வாழ்ந்தார். உங்களுக்கு இது மோசடி. அவர் தலைமுறை, ஓய்வூதியமில்லாத தன் பெற்றோருக்குச் சொந்தக் கையால் சோறு போட்ட தலைமுறை. அந்தத் தவணை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சீட்டு நடத்துகிறவன் புதிய ஆள் சேராவிட்டால் ஓடிவிடுவான். அரசு ஓட முடியாது, வரியைக் கூட்டும் அல்லது தொகையைக் குறைக்கும். குறைப்பதும் ஏமாற்றுதான் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வேறு வகை.

பெட்டிக்கு வருகிறேன். பெரியப்பா இறந்தபின் பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது, சின்னத் தொகைதான். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் மாதாமாதம் எழுதியிருக்கிறாள். இடப்பக்கம் வரவு. அந்த வரியில் ஓய்வூதியம் என்று எங்குமே இல்லை. ‘அவர் தந்தது’ என்று எழுதி, பக்கத்தில் தொகை. 19 வருடம் அப்படித்தான். வலப்பக்கச் செலவில் பேத்தியின் பரீட்சைக் கட்டணம், மருந்து, ‘கடன் கொடுத்தது (வராது)’ என்று எழுதிப் பக்கத்தில் என் பெயர். கடைசி வருடங்களில் எழுத்து நடுங்கிக் கோட்டை விட்டு இறங்குகிறது. அவள் போனது ஒரு மாதத்தின் நடுவில். அடுத்த மாதத்துக்கும் தொகை கணக்கில் ஏறிவிட்டது, திருப்பிக் கட்டச் சொல்லி ஓலை வந்தது, கட்டினோம். நோட்டில் அந்த மாதத்துக்கும் முன்கூட்டியே ‘அவர் தந்தது’ என்று எழுதிவைத்திருக்கிறாள். தொகைக்கு இடம் காலி.

ஓய்வு வயது பற்றிக் கேட்டிருந்தீர்கள், நினைவிருக்கிறது. மேசையில் உட்காருகிறவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் ஒரே வயதா என்பதை மட்டும் யோசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாமல்.

அன்புடன்