கடலாமையின் கண்ணில் காலிஃபிளவர் போல வளர்வது என்ன?

ஃபுளோரிடா கடலில் ஒரு பச்சைக் கடலாமையின் கண்ணை மூடியிருந்த கட்டி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஃபைப்ரோபாப்பிலோமடோசிஸ். ஹெர்பிஸ் வகை வைரஸோடு தொடர்புள்ள நோய், 1938-லேயே பதிவாகியிருக்கிறது.

கட்டி பெரும்பாலும் புற்று அல்ல. ஆனால் கண்ணை மறைத்துவிட்டால் இரை தெரியாது, துடுப்பில் தொங்கினால் நீந்த முடியாது. ஆமை மெலிந்து போகும். ஹவாயில் தொண்டைக்குள்ளேயே வளர்ந்து மூச்சை அடைப்பதும் உண்டு.

வைரஸ் இருந்தாலே கட்டி வந்துவிடாது. கரையோரக் கழிவு கலந்த நீர் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவானது. ஆமையின் தோலில் ஒட்டும் அட்டைகள்தான் வைரஸைப் பரப்புகின்றன என்றும் கருதுகிறார்கள்.

சரி, வைத்தியம்? ஃபுளோரிடாவில் உள்ள மாரத்தான் நகரின் ஆமை மருத்துவமனையில் கட்டியை லேசரால் வெட்டி எடுக்கிறார்கள். சிலவற்றுக்குத் திரும்பவும் முளைக்கும். நுரையீரல், சிறுநீரகம் வரை பரவியிருந்தால் பிழைப்பது கஷ்டம்.