புகைப்படக் கட்டணம்: தாளில் முதலில் எழுத வேண்டியது உங்கள் ஆண்டு

மதுரையில் இருபது ஆண்டுகளாகத் திருமணங்களும் கடை விளம்பரங்களும் படமெடுத்து வருகிறேன். தனியாகத் தொழில் தொடங்கியவர்கள் கட்டணம் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தேனி): அண்ணா, எங்கள் ஊரில் ஒரு நாளுக்கு 8,000 ரூபாய் வாங்குகிறார்கள். நான் புதியவன். 6,000 என்று சொன்னால் வேலை வருமா?

வரும் தம்பி, அதுதான் என் கவலை. அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்பதை விட்டுவிட்டு, ஒரு தாளில் உங்கள் ஆண்டை எழுதுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்தங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து குவியும். உங்களால் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 40 நாள் படப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் சேர்ந்து நான்கு லட்சம் என்றால், நான்கு ஆண்டில் தேய்வதாகக் கணக்கிட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம். கணினி, ஹார்டு டிஸ்க், மென்பொருள் சந்தா, பெட்ரோல், பழுது என்று இன்னொரு 1,40,000. நீங்கள் சொல்லும் 6,000 ரூபாயை 40 நாளால் பெருக்கினால் வருவதும் அதே 2,40,000தான். வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. மாதம் 40,000 வீட்டுக்கு வேண்டுமென்றால் மொத்தம் 7,20,000 வர வேண்டும். அப்போது நாளுக்கு 18,000.

தேய்மானத்தை மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நிக்கான் டி850 கேமராவின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, இரண்டு லட்சம் படங்களுக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால், 66 கல்யாணங்களில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும்.

கேள்வி (சேலம்): பெண் வீட்டார் பேரம் பேசும்போது எவ்வளவு இறங்கலாம், அண்ணா?

தொகையைத் தனியாகக் குறைக்காதீர்கள், வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். இரண்டு ஆல்பத்தை ஒன்றாக்கலாம், வரவேற்புக்கு உதவியாளர் இல்லாமல் வரலாம். எதையும் எடுக்காமல் ஐந்தாயிரம் இறங்கினால், முதலில் சொன்ன விலை பொய் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஒரு ஜவுளிக்கடைக்கு முகநூல் பதிவுக்கென்று 30 புடவைப் படங்கள் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவை நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் நிற்கின்றன. கூடுதல் பணம் கேட்க முடியுமா?

கேட்டுப் பாருங்கள், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எடுத்தவருக்குத்தான் உரிமை என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் இது தெரிய ஏழு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒரு நகைக்கடை நாட்காட்டியில் என் படங்கள் பன்னிரண்டு மாதமும் வந்துவிட்டன.

ஆகவே விளம்பர வேலையில் இரண்டு தொகை சொல்லுங்கள். ஒன்று படமெடுக்கும் கூலி. மற்றது பயன்பாட்டுக்கு: எங்கே, எத்தனை மாதம், எந்த ஊர் வரை. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும் என்ற வரியையும் சேர்த்து, படப்பிடிப்புக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): அட்வான்ஸ் எவ்வளவு?

தேதி குறிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் இன்னொரு பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மீதி. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க 60 நாள் கெடு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் தேர்ந்தெடுப்பதற்குள் குழந்தைக்கு முதல் பிறந்தநாளே வந்துவிட்டது. என் மீதிப் பணமும் அதுவரை காத்திருந்தது.

கேள்வி (ஈரோடு): ஜிஎஸ்டி சேர்த்து வாங்கலாமா?

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் அந்த வரியை வாங்கவும் கூடாது. வேலை கொடுத்த நிறுவனம் உங்களுக்குப் பணம் தரும்போதே ஒரு பகுதியை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்திருந்தால், அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி (சிவகங்கை): அண்ணா, சொந்தக்காரர்கள் வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் என்னைச் சும்மா எடுக்கச் சொல்கிறார்கள். பெண் என்பதால் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள்.

அவர்கள் நினைப்பது தவறு, தங்கச்சி. செய்ய விரும்பும் வீட்டுக்கு மட்டும் செய்யுங்கள், ஆனால் பில் போடுங்கள். முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே "என் மொய்" என்று எழுதிக் கொடுங்கள். பெரியப்பா வீட்டுக் காதுகுத்துக்கு அப்படித்தான் கொடுத்தேன். பெரியப்பா அதை வாசித்துவிட்டு, மொய் நோட்டில் என் பெயருக்கு நேரே 15,000 என்று ஏற்றச் சொன்னார். மூன்று ஆண்டு கழித்து என் வீட்டு விசேஷத்தில் அந்தத் தொகை அப்படியே திரும்பி வந்தது.