சருகைக் கொளுத்தாதேயும், தம்பி

வணக்கம் ஐயா,
மடகஸ்கார் காட்டில் விரல் நுனியில் நிற்கிற அளவுக்குச் சின்னப் பச்சோந்தி இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் வளவு வேலியிலும் ஒரு விரல் நீளத்தில் ஒன்றைக் கண்டேன். அதே இனமாக இருக்குமோ? எந்த நிறத் துணியில் விட்டாலும் பச்சோந்தி அந்த நிறத்துக்கு மாறுமாமே? பிடித்து வளர்க்கலாமா?
ஒரு மாணவன், உரும்பிராய்

அன்புள்ள தம்பி,

நீர் கண்டது ஓணான் குஞ்சாகத்தான் இருக்கும். காலைப் பாரும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, குறடு மாதிரிக் கொப்பைப் பிடித்திருக்கும். துணிக்கதை பொய். வளர்க்கிற எண்ணத்தை இன்றைக்கே விடும்.

வீடியோவில் வந்தது புரூக்கேசியா என்கிற சின்னப் பச்சோந்திச் சாதி. கொஞ்ச நாளாக எனக்கும் அதே நினைப்புத்தான். மடகஸ்காரை ஒட்டிய நோசி ஹாரா தீவில் இருந்து 2012இல் புது இனமாக அறிவித்த புரூக்கேசியா மைக்ரா, வால் நுனி வரை அளந்தாலும் 3 சென்ரிமீற்றர் வராது. 2021இல் அறிவித்த புரூக்கேசியா நானாவின் ஆண் வாலோடு சேர்த்து 22 மில்லிமீற்றர்தான். நிறம் மாறுகிற வித்தை இந்தச் சாதிக்குப் பெரிதாக இல்லை. பகலில் சருகுக்குள் இரை தேடும், இரவில் சின்னச் செடியில் ஏறித் தூங்கும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு காய்ந்த இலையாக விழுந்து கிடக்கும். சருகே இல்லாத நிலத்தில் அந்த நடிப்பு யாருக்கு?

உம்முடைய வீட்டாரோடு எனக்குச் சண்டை இங்கேதான். விடிந்ததும் வளவு முழுக்கக் கூட்டி, ஓர் இலை விடாமல் வேலியோரம் குவித்து நெருப்பு வைக்கிறீர்கள். மடகஸ்காரில் காட்டை எரித்துப் பயிர் செய்கிறார்கள் என்று உச்சுக்கொட்டுவதும் நாங்கள்தான்! என் அம்மம்மா முற்றத்தை மட்டும்தான் கூட்டுவார். கோடிப்பக்கத்து மாஞ்சருகில் யாரையும் கைவைக்க விடமாட்டார், அது வாழையடிக்கு. கிளறினால் அடியில் கறுத்த ஈர மண், சுருண்ட மரவட்டை, வழுக்கி ஓடுகிற அரணை. "பாம்பு வருமணை" என்று அயலில் சொன்னால், "வந்தால் வந்த வழியால போகும்" என்பார். பூவரசங்குழையைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்த்திய சனம் நாங்கள். இப்போது இலையைக் கொளுத்திவிட்டு உரப்பைக்குக் காசு கொடுக்கிறோம். அப்புறம் மண் செத்துப்போச்சு என்று ஒப்பாரி. பாம்பைச் சாட்டாதேயும், தம்பி. சோம்பலும் அயலாரின் கண்ணும்தான் காரணம்.

இலங்கையிலும் பச்சோந்தி உண்டு, வில்பத்துப் பக்கத்து வறண்ட காடுகளில். அது பெரிய இனம்.

ஓணான் குஞ்சை வேலியிலேயே விடும். மாமரத்தடியில் ஒரு மூலையைக் கூட்டாமல் விடச் சொல்லி வீட்டில் கேளும். யாராவது நெருப்புப்பெட்டியோடு வந்தால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும், திட்டு எனக்கு வரட்டும்.