கீமோ வார்டில் வேலைக்குச் சேரும் மகளுக்கு யார் துணை?

நர்சிங் முடிக்கப்போகும் மகள் புற்றுநோய்ப் பிரிவுக்குத்தான் போவேன் என்று நிற்கும்போது, பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். அந்த மருந்துகள் அவள் உடம்பைக் கெடுக்குமா? தினமும் நோயையும் சாவையும் பார்த்து மனம் உடைந்துவிடாதா? இரண்டும் நியாயமான பயம். ஆனால் பதிலை மருத்துவமனையின் பெயரிலோ கட்டடத்தின் பளபளப்பிலோ தேடாதீர்கள். அவளைச் சுற்றி யார் இருப்பார்கள் என்பதைப் பாருங்கள்: வார்டில் சீனியர்கள், ஊரில் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ்கள் கூடிப் பேசும் ஒரு குழு.

முதலில் மருந்து. பல கீமோ மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியவை. கருவைப் பாதிக்கக்கூடியவையும் உண்டு. ஆகவே கீமோவுக்கென்று சோதிக்கப்பட்ட கையுறை இரண்டு அடுக்கு, பின்பக்கம் கட்டும் நீர்புகா கவுன், தெறிக்க வாய்ப்பிருந்தால் கண்ணுக்கும் முகத்துக்கும் மறைப்பு, எல்லாம் வேண்டும். கையுறையை அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கிழிந்தால் அந்த நொடியே. மருந்து ஏற்றிய பிறகு குறைந்தது 48 மணி நேரத்துக்கு நோயாளியின் சிறுநீர், வாந்தி, அழுக்குத் துணி ஆகியவற்றைக் கையாளும்போதும் இதே கவனம் தேவை.

இதெல்லாம் பாடத்தில் இருப்பதுதான். தவறு நடப்பது அவசரத்தில். ரத்தநாளத்துக்கு மருந்து போகும் ஐவி குழாயை முதலில் உப்புநீரால் நிரப்பாமல் மருந்தாலேயே நிரப்புவது, காலியான பையிலிருந்து குழாயைப் பிடுங்குவது, "ஒரு நிமிட வேலைதானே" என்று ஒற்றைக் கையுறையோடு போவது. பக்கத்தில் நிற்கும் சீனியர் இரண்டு கையுறை போடுகிறவராக இருந்தால் புதியவளும் போடுவாள். அவர் போடாவிட்டால், பயிற்சி வகுப்பில் வாங்கிய சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ரத்தநாளத்துக்குள் போக வேண்டிய மருந்து வெளியே கசிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே மருந்தை நிறுத்த வேண்டும். ஊசியைப் பிடுங்கக் கூடாது. குழாயைக் கழற்றி, அதே ஊசி வழியே சிரிஞ்சால் மிச்ச மருந்தை உறிஞ்ச வேண்டும். கசிந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு டாக்டரை அழைக்க வேண்டும். அடுத்தது ஐஸா, வெந்நீர் ஒத்தடமா? கசிந்தது டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து என்றால் குளிர்ச்சி. ரத்தநாளம் சுருங்கி, மருந்து பரவாமல் நிற்கும். அதற்கான மாற்று மருந்து டெக்ஸ்ராசாக்சேனை 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து என்றால் நேர் எதிர்: வெப்பம் கொடுத்து மருந்தைக் கலைத்துவிட வேண்டும். மாற்றிச் செய்தால் திசு அழுகும் ஆபத்து கூடும். நடுராத்திரி ஷிப்டில் இரண்டு நிமிடத்தில் இந்த முடிவை எடுக்கிறவளுக்கு, கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்ல ஒரு குரல் வேண்டும்.

ஒரு வார்டின் அனுபவம் எப்போதும் குறுகியது. பல மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ்கள் கூடும் உள்ளூர்க் குழு அதனால்தான் அவசியம். வின்கிறிஸ்டினைத் தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்தினால் பெரும்பாலும் மரணம்தான். சிரிஞ்சில் வைத்தால் தண்டுவட ஊசி என்று மாறிப்போகலாம் என்பதால், சிறிய ஐவி பையில்தான் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. எங்கோ பட்ட அடியின் பாடம் இன்னொரு ஊரின் வார்டுக்குப் போய்ச் சேர, ஆட்கள் சந்தித்துப் பேச வேண்டும்.

அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய புற்றுநோய்ச் செவிலியர் சங்கமான ஆன்காலஜி நர்சிங் சொசைட்டி, பல ஊர்களில் கிளைகள் வைத்து இயங்குகிறது. இதே துறைக்கான ஐரோப்பியச் சங்கமும், பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் சர்வதேச அமைப்பும் 1984-இல் உருவானவை. தேசியச் சங்கத்தில் உறுப்பினராகி இதழ் வாங்குவது நல்லதுதான். ஆனால் தடுமாறும் முதல் வருடத்தில் கைகொடுப்பது, முகம் தெரிந்த கிளைக் கூட்டம். மாணவர் உறுப்பினர் வசதி இருக்கிறதா என்று படிக்கும்போதே விசாரித்து, இரண்டு கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தத் துறையின் உண்மையான முகம் அங்கே தெரியும்.

கிளையே இல்லாத இடமா? ஐந்தாறு பேர் போதும். மாதம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், அடையாளம் நீக்கிய ஒரு நோயாளி விவரம், ஒரு ஆய்வுக் கட்டுரை. இத்தகைய குழுக்கள் ஏன் படுக்கின்றன என்பதும் தெரிந்ததே. ஷிப்ட் மாறும் நேரத்தில் கூட்டம் வைப்பார்கள், யாரும் வர முடியாது. ஒருவரே எல்லாம் செய்து ஆறு மாதத்தில் அலுத்துப்போவார், பொறுப்பைச் சுழற்றுங்கள். மருந்து கம்பெனி சாப்பாடு போட்டால் பேச்சு அதன் மருந்தைச் சுற்றியே போகும். இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் போட்டோவோ ரிப்போர்ட்டோ போகவே கூடாது. ஒரு படம் வேலையையும் உரிமத்தையும் பறிக்கப் போதும்.

மனச்சுமை பற்றி: மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்தால் அழுகை வருவது பலவீனம் அல்ல. கவனிக்க வேண்டியது வேறு. தூக்கம் கெடுவது, நோயாளியிடம் எரிச்சல், வேலைக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைவது, எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை. இவை வாரக்கணக்கில் நீடித்தால் சக நர்ஸ்களின் ஆறுதல் மட்டும் போதாது, மனநல நிபுணரிடம் போக வேண்டும். நல்ல வார்டில் ஒரு மரணத்துக்குப் பின் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுவார்கள்: என்ன நடந்தது, எது உறுத்துகிறது. அது யார் தப்பு என்று தேடும் விசாரணையாக மாறினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நேர்காணலில் உங்கள் மகள் சம்பளத்தோடு இவற்றையும் கேட்கட்டும். எத்தனை வாரம் சீனியரோடு சேர்ந்து வேலை? கீமோவைத் தனியாக ஏற்றும் முன் யார் சோதித்துக் கையெழுத்திடுவார்? மருந்து, அளவு, நோயாளி ஆகியவற்றை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கும் வழக்கம் ராத்திரியிலும் உண்டா? கர்ப்பமாக இருந்தால் மாற்று வேலை தருவார்களா? சங்கக் கூட்டத்துக்கு விடுப்பு உண்டா? கடைசிக் கேள்விக்குச் சிரித்தால், அதுவும் ஒரு பதில்தான்.

சான்றிதழ் தேர்வுக்கு முதல் வருடத்திலேயே பணம் கட்ட வேண்டாம். ஓசிஎன் எனப்படும், புற்றுநோய்ச் செவிலியருக்கான அமெரிக்கச் சான்றிதழுக்கே, பதிவுபெற்ற செவிலியராக 2 ஆண்டு அனுபவம், 4 ஆண்டுகளுக்குள் 2,000 மணி நேரப் புற்றுநோய்ப் பணி, கூடவே 10 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறார்கள். தேர்வில் 165 கேள்விகள், 3 மணி நேரம். சான்றிதழ் 4 ஆண்டு செல்லும். கூட்டங்களுக்குப் போன தேதி, மணி நேரம், வருகைச் சான்று எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் சேர்த்துவரச் சொல்லுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "இன்னிக்கு யாராவது செத்தாங்களா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். வந்ததும் அரை மணி நேரம் விடுங்கள். மாதம் ஒரு மாலை அவள் அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பினால், லீவு நாளில்கூட ஆஸ்பத்திரியா என்று தடுக்காமல் அனுப்பிவையுங்கள்.