மனக்காயத்தை உடல்வழியாக ஆற்றும் முறைகளைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

பேசிப் பேசியும் தேறாதவர்களுக்கு உதவ உடல்வழி முறைகளைக் கற்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் மனநல ஆலோசகர்தான். முதலில் உங்கள் உடலிலிருந்தே தொடங்குங்கள். எதிரே இருப்பவர் நடுங்கும்போது நம் மூச்சும் மேலேறி நின்றுவிடுகிறது. அதை அப்போதே கவனிக்கத் தெரியாதவரால் பிறருக்கு நிதானம் தர முடியாது.

அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' (உடலின் உணர்வுகளைக் கவனித்து மனக்காயத்தை ஆற்றும் முறை) இத்தகைய முறைகளுள் பலரும் அறிந்தது. மூன்று ஆண்டுப் பயிற்சி. கற்பவர் தாமும் சிகிச்சை அமர்வுகள் பெற்றாக வேண்டும். நடந்ததை முழுவதும் சொல்லச் சொல்வதில்லை. அச்சத்தின் ஓரத்தைச் சிறிது தொட்டதும், பாதம் தரையில் பதிந்திருப்பது போன்ற பத்திரமான உணர்வுக்கு அழைத்து வருகிறோம். பிறகு மறுபடியும் சிறிது. கற்பவர்களுக்குக் கடினமானது, எங்கே நிறுத்துவது என்பதுதான். அழுது தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் ஆழமாக நம்புகிறோம். ஆனால் அடக்க முடியாமல் பெருகும் அழுகை சிலரைப் பழைய திகிலுக்குள்ளேயே தள்ளிவிடும்.

யோகா தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வன்முறைக்கு ஆளானவருக்குக் கண்ணை மூடுவதே பயமாக இருக்கலாம். மனக்காயம் பட்டவர்களுக்கென வடிவமைத்த யோகாவில் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், பிடிக்காத அசைவை விட்டுவிடலாம். ஆசிரியர் தொட்டுத் திருத்துவதில்லை. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனக்காயத்தால் வரும் மனநோய் (PTSD) நாள்பட்டிருந்த 64 பெண்களில் ஒரு பகுதியினர் பத்து வாரம் இதைச் செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். யோகா செய்யாத மற்ற குழுவில் ஐந்தில் ஒருவர்தான்.

நம் கடற்கரையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 2004 சுனாமியில் தப்பிய 150 பேருக்கு அளித்த உடல்வழிச் சிகிச்சை பற்றி உளவியலாளர் ராஜா செல்வமும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் எழுதினார்கள். எட்டு மாதம் கழித்தும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த ஆய்வு இது.

வார இறுதி வகுப்பின் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையில் இறங்காதீர்கள். வழிகாட்ட ஒரு மூத்தவரைத் தேடிக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும், பேசிக்கொண்டிருக்கும்போதே உணர்வற்று உறைந்துபோகிறவர்களையும் மனநல மருத்துவருடன் சேர்ந்தே கவனியுங்கள்.